மூடிக்குள் ஒரு சிவப்பு

அத்தியாயம் ஐந்து

செத்துப்போன பனிவண்டி ஒன்று சிட்னியின் மெரிலேண்ட்ஸில், ஜூலை மாதத்துக் குளிர்கால நண்பகல் வெயிலில், ட்ரெய்லர்மேல் கிடந்தது.

முன்னால் இரண்டு சறுக்குப் பலகைகள். பின்னால் பீரங்கி வண்டிக்கு இருப்பதுபோல அகலமான ரப்பர்ப் பட்டை. நடுவே மோட்டார்சைக்கிள் இருக்கை. இடப்பக்கத்து மூடி உள்ளிருந்து வெடித்துப் பிளந்திருந்தது. பிளவில் கறுப்பு நார்கள் தொங்கின.

பாஸ்கர் வண்டியை ஒரு சுற்று வந்தான்.

"பைக்குக்கும் புல்டோசருக்கும் காதல் கல்யாணம் ஆகிப் பொறந்த பிள்ளை மாதிரி இருக்கு மேடம்."

"ரெண்டு வீட்டிலயும் சேக்கேல்லை போல," என்றாள் யோகா. "அதுதான் ட்ரெய்லரில கிடக்குது."

யோகாவுக்கு நாற்பத்தேழு வயது. பதினொரு வருஷம் கோழித் தொழிற்சாலையில் எலும்பு நீக்கும் வரிசையில் நின்றவள். வலது கைக் கட்டைவிரல் இன்றும் முழுதாக நிமிராது. அந்த வேலையை விட்டு, படித்து, தனியார் துப்பறிவாளர் லைசென்ஸ் எடுத்து ஆறு வருஷம் ஆகிறது. கத்தி எங்கே தவறிப் போனது என்று எலும்பைப் பார்த்தால் தெரியும். வெட்டியவனைக் கேட்டால் தெரியாது. கோழியிடம் கற்ற அந்தப் பாடத்தை வைத்துத்தான் மனிதர்களிடம் பிழைப்பு நடக்கிறது.

பாஸ்கர் தேனிப் பக்கத்து ஆள். ஊரில் கொடைக்கானல் மலைப்பாதையில் லாரி ஓட்டினான். சிட்னியில் வாடகைக் கார். கார் ஓட்டாத நேரத்தில் யோகாவின் உதவியாளர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பசிக்கும், இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை பேசுவான்.

பட்டறைக்குள்ளிருந்து முதலாளி இரத்தினசிங்கம் வந்தார். அறுபது வயது. நீல ஓவரோல். நெற்றி நிறைய விபூதி. புல்வெட்டி, படகு எஞ்சின், ஃபோர்க்லிஃப்ட் என்று எஞ்சின் இருக்கிற எதையும் வாங்கித் திருத்துகிற பட்டறை அது. அவருக்குப் பின்னால் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கைத்தடி ஊன்றி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மற்றவன் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான்.

"தங்கச்சி, சுருக்கமாச் சொல்லுறன்," என்றார் இரத்தினசிங்கம். "இவன் அருந்தவன். என்ர மனுசியின்ர தம்பி. ஜிண்டபைனுக்கு மேல பனிமலையில சின்ன லொட்ஜ் வைச்சிருக்கிறான். குளிர்காலத்தில றோட்டு முடியிற இடத்திலயிருந்து ஆக்களையும் சாமானையும் இந்த வண்டியிலதான் ஏத்துறது. பழைய சைலன்சர் உக்கிப்போச்சு. வெளிக்கம்பெனிச் சைலன்சர் ஒண்டு வாங்கிக்கொண்டு வந்தான். பூட்டினது என்ர மெக்கானிக் பிரதீப். அதுக்கேத்தமாதிரிக் கிளச்சை மாத்தி வைச்சதும் அவர்தான். வெள்ளிக்கிழமை இவன் கொண்டுபோனான். சனிக்கிழமை காலமை முதல் ஓட்டத்திலயே கிளச் பெல்ற் வெடிச்சுப்போச்சு."

"எட்டு விருந்தாளியள் பாக்கப் பாக்க நான் பனிக்குள்ள தலைகீழ்," என்றார் அருந்தவன். "அதில ஒருத்தர் கை தட்டினவர். ஏதோ ஷோ காட்டுறன் எண்டு நினைச்சுப்போட்டார்."

"நல்லாத்தான் விழுந்திருப்பீங்க," என்றான் பாஸ்கர்.

தலை குனிந்து நின்றவன் பிரதீப்குமார். கோயம்புத்தூர்க்காரன், முப்பத்துமூன்று வயது. நகக்கண்ணில் கிரீஸ் ஏறிப்போன கைகள். எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. யோகாவுக்கு அந்தக் கறையின் வயது தெரியும். இங்கே வந்து மூன்று வருஷம். இரத்தினசிங்கம் ஸ்பான்சர் செய்த விசா. அந்த வேலை இருந்தால் நாடு இருக்கும். வேலை போனால் ஆறு மாதத்துக்குள் இன்னொரு முதலாளி கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் மனைவியோடு விமானம்.

"அவன் சொந்தம், இவர் வேலை செய்யிறவர்," என்றார் இரத்தினசிங்கம். "நான் என்ன சொன்னாலும் பக்கம் சாஞ்சிட்டன் எண்டு சனம் கதைக்கும். நீங்கள் வெளியாள். யார் பிழை விட்டதெண்டு கண்டுபிடிச்சுச் சொல்லுங்கோ. இவரிலதான் பிழையெண்டா, வேலையால நிப்பாட்டிப்போட்டன் எண்டு இண்டைக்கு நாலு மணிக்கு இமிக்ரேஷனுக்கு எழுதுவன். இல்லையெண்டா இவர் இஞ்ச நிரந்தரமா இருக்கிறதுக்கான பி.ஆர். நொமினேஷனை அனுப்புவன். ரெண்டும் கொம்ப்யூட்டரில திறந்தபடி கிடக்குது."

"நொமினேஷன் எவ்வளவு நாளாத் திறந்து கிடக்குது அண்ணை?"

இரத்தினசிங்கம் இருமினார். "எட்டு மாசம்."

மணி பன்னிரண்டரை.

யோகா முதலில் அருந்தவனிடம் போனாள். விழுந்தவனுக்குக் கோபம் இருக்கும். கோபக்காரன் நிறையச் சொல்வான்.

"என்ன நடந்ததெண்டு காட்டுங்கோ."

விருந்தாளி ஒருவர் எடுத்த வீடியோ அவருடைய கைபேசியில் இருந்தது. வெள்ளைச் சரிவு. அருந்தவன் கண்ணாடி மாட்டி, கை அசைத்துவிட்டு, முடுக்குகிறார். எஞ்சின் காது கிழிய அலறுகிறது. வண்டியோ ஆமைபோல நகர்கிறது. அவர் இன்னும் முறுக்குகிறார். இன்னும் அலறல். இன்னும் ஆமை. பிறகு டமார். அதன்பிறகு திரையில் இரண்டு பூட்ஸ் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கின்றன.

பாஸ்கர் இதை மூன்றுதரம் பார்த்தான். மூன்றாவது தரம் துப்பறிவுக்காக இல்லை.

"தம்பி," என்று யோகா பிரதீப்குமாரைக் கூப்பிட்டாள். "எனக்குக் கோழியைப் பிரிக்கத் தெரியும், கிளச் தெரியாது. சொல்லுங்கோ."

அவன் ட்ரெய்லர்மேல் ஏறினான். வேலையைப் பற்றிப் பேசும்போது மட்டும் தலை நிமிர்ந்தது.

"ரெண்டு கூம்புத் தட்டுக்கா. நடுவுல ரப்பர் பெல்ட். எஞ்சின் வேகமாச் சுத்தினா உள்ள இருக்கிற மூணு வெயிட்டு வெளிப்பக்கம் வீசும். அது தட்டை நெருக்கும். தட்டு நெருங்க நெருங்க பெல்ட் மேல ஏறும். அதான் இதுக்கு கியர். பழைய சைலன்சர்ல இந்த எஞ்சினுக்கு ஏழாயிரத்து எண்ணூறு சுத்துல முழு பலம் வரும். புதுசுல எட்டாயிரத்து இருநூறுலதான் வரும். பழைய வெயிட்டையே விட்டா, எஞ்சின் அந்த இடத்துக்குப் போறதுக்கு முந்தியே தட்டு பிடிச்சுக்கும். மூச்சு முட்டிரும். அதனால வெயிட்டைக் குறைச்சேன்."

"ஏத்தத்துல செகண்ட் கியர்ல போக வேண்டிய லாரிக்கு அவசரப்பட்டுத் தேர்டு போட்டா முக்குமே, அது மாதிரி," என்றான் பாஸ்கர்.

"அதேதாண்ணா. மேல காத்து வேற கம்மி. அதுக்காக இன்னும் கொஞ்சம் குறைக்கணும்."

"குறைச்சவன்!" அருந்தவன் கைத்தடியால் ட்ரெய்லரைத் தட்டினார். "கூடக் குறைச்சுப்போட்டான்! மலையில இருக்கிற மெக்கானிக் சொன்னவர். வெயிட் போதாட்டி தட்டு பெல்ற்றைப் பிடிக்காது. எஞ்சின் கத்தும், வண்டி போகாது, பெல்ற் வழுக்கிச் சூடாகி வெடிக்கும். வீடியோவில அதுதானே கிடக்குது?"

அவர் சொன்னது சரியாகவே பொருந்தியது.

"அப்ப நிறுத்துப் பாப்பம்," என்றாள் யோகா.

"என்கிட்ட டிஜிட்டல் தராசு இருக்குக்கா."

"அது அவன்ர தராசு!" என்றார் அருந்தவன்.

"சரி," என்றாள் யோகா. "பாஸ்கர், இந்த ஊரில ஒரு கிராமிலயும் பொய் சொல்லாத தராசு எங்க இருக்கும்?"

பாஸ்கர் யோசித்தான். "நகைக்கடைல மேடம். அங்க மத்ததுலதான் பொய் சொல்வாங்க."

பிரதீப்குமார் கிளச்சைக் கழற்றி மூன்று வெயிட்டுகளையும் ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தான். எந்த உயரத்துக்கு எத்தனை கிராம் வெயிட் என்று அச்சிட்டு சைலன்சரோடு வந்த துண்டுக் காகிதத்தை யோகா தன் கையில் வைத்துக்கொண்டாள். சாட்சிக்கு அருந்தவனையும் ஏற்றிக்கொண்டு பாஸ்கர் கடைத்தெருவுக்குப் போனான்.

இரண்டு மணிக்குத் திரும்பினார்கள். பாஸ்கர் கையில் ஒரு சமோசாப் பொட்டலமும் இருந்தது.

"மேடம், கடைக்காரர் இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, 'தாலிக்கொடிக்குப் பென்டன்ட்டா?'ன்னு கேட்டார். ஆமா, மாப்பிள்ளை மெக்கானிக்குன்னு சொன்னேன். நிறுத்தார். மூணும் ஒரே நிறை. ஒவ்வொண்ணும் சரியா ஏழு பவுன். ஒரு குண்டுமணி கூடக் குறைச்சல் இல்லை."

"கிராமில?"

"ஐம்பத்தாறு."

யோகா காகிதத்தை அருந்தவனிடம் நீட்டினாள். ஆயிரத்து எழுநூறு மீட்டர் உயரம், இந்த எஞ்சின், இந்தச் சைலன்சர். எதிரே அச்சிட்டிருந்தது: ஐம்பத்தாறு.

அருந்தவன் அதைத் தூரத்தில் பிடித்து வாசித்தார், கிட்டத்தில் பிடித்து வாசித்தார். எண் மாறவில்லை.

"அப்ப ஏன் வழுக்கினது?" என்றார்.

"அதைத்தான் இனிக் கேக்கவேணும்."

கழற்றிய கிளச் மேசைமேல் இருந்தது. யோகா அதைக் கோழியைப்போல மல்லாத்தினாள். தட்டின் முகத்தில், நடுவிலிருந்து விளிம்புவரை, கறுப்பு மார்க்கரில் ஒரு கோடு.

"இது என்ன?"

"நான் போட்டது. சிட்னில பனி கிடையாது, ஓட்டிப் பார்க்க முடியாது. அதனால கோடு போட்டு அனுப்புவேன். மேல ஓட்டினதும் பெல்ட் எது வரைக்கும் ஏறுதோ அது வரைக்கும் கோடு அழிஞ்சிரும். போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வேன். அதைப் பார்த்து மிச்சத்தைச் சரி பண்ணுவேன்."

கோடு முக்கால்வாசிக்கும் மேல் அப்படியே இருந்தது. அடியில், நடுத்தண்டை ஒட்டி, ஒரு விரல் அகலம் மட்டும் அழிந்திருந்தது. பெல்ட் மேலே ஏறவேயில்லை. அடியிலேயே நின்று வழுக்கியிருக்கிறது. பெல்ட்டின் மிச்சத்தில் ஒரே ஓர் இடம் இருபக்கமும் கருகி, உடுக்கைபோல இடுப்பு ஒடுங்கியிருந்தது.

யோகா தட்டை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கோடு அழிந்த அந்த ஒரு விரல் அகலத்தில் ஒரு நிறம் ஒட்டியிருந்தது. கருஞ்சிவப்பு.

"நீங்கள் சிவப்பு மார்க்கரும் பாவிக்கிறனீங்களோ?"

"இல்லக்கா. கறுப்பு மட்டும்தான்."

சொல்லிக்கொண்டே அவன் வலது கை மேசையிலிருந்த துணியை எடுத்தது. தட்டின் அடிப்பக்கம் நோக்கிப் போனது. யோகா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"துடைக்காதேங்கோ தம்பி."

"பழக்கதோஷம்க்கா."

யோகா கையை விட்டாள். அந்த வார்த்தையை விடவில்லை.

பாஸ்கர் குனிந்து தட்டை முகர்ந்தான். நிமிர்ந்தான். மறுபடி முகர்ந்தான்.

"மேடம், நான் இப்பத்தான் மூணு சமோசா சாப்பிட்டேன். அதனால இது பசியில சொல்றது இல்லை. நெய் வாசனை அடிக்குது. கருகின நெய்."

"ரப்பர் கருகினதா இருக்கும்," என்றார் இரத்தினசிங்கம்.

"அண்ணாச்சி, நான் தேனிக்காரன். நெய் ரோஸ்ட் எந்தக் கடையில போடறாங்கன்னு பஸ்ல போகும்போதே சொல்லுவேன்."

யோகா விரலால் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தாள். வழுக்கியது. பதினொரு வருஷம் கோழிக் கொழுப்பில் ஊறிய விரல். வழுக்கலில் அதற்கு எத்தனையோ சாதி தெரியும்.

"கோழியில்லை. ஆடுமில்லை. பால் கொழுப்பு. பிடிச்சுச் சுத்தவேண்டிய இடத்தில நெய் பூசினா, வெயிட் ஏழு பவுன் என்ன, எழுபது பவுன் போட்டாலும் பெல்ற் வழுக்கும்."

எல்லாரும் அருந்தவனைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்கிறியள்? லொட்ஜில பாண், பட்டர், சூப். நெய் எண்டு ஒரு சாமான் அங்க இல்லை. அந்த மூடியை எப்பிடித் திறக்கிறதெண்டே எனக்குத் தெரியாது. உடைஞ்ச மூடியைப் பாருங்கோ, கொளுக்கி இன்னும் பூட்டினபடி!"

உண்மைதான். பிளந்த மூடியில் கொளுக்கிகள் இரண்டும் பூட்டியபடியே இருந்தன. மூடி இந்தப் பட்டறையில் கடைசியாகப் பூட்டியபடியே மலைக்குப் போய், பூட்டியபடியே வெடித்திருக்கிறது.

"அப்ப நெய் பூசினது இஞ்சதான்," என்றாள் யோகா. "வியாழன், வெள்ளியில யார் இஞ்ச வேலையில இருந்தது?"

"வியாழக்கிழமை சாயந்தரம் நான் முடிச்சுப் பூட்டிட்டுப் போனேன்," என்றான் பிரதீப்குமார். "வெள்ளிக்கிழமை நான் வரல. விசா மெடிக்கலுக்குப் போயிருந்தேன்."

அருந்தவன் விடவில்லை. "வியாழக்கிழமை பூட்டினது ஆர்? நீதானே! மத்தியானச் சாப்பாட்டை வண்டிக்கு மேல வைச்சுச் சாப்பிட்டிருப்பாய்!"

பிரதீப்குமார் பதில் சொல்லவில்லை. அந்த மௌனம் யோகாவுக்குப் பிடிக்கவில்லை. குற்றமற்றவன் இந்த இடத்தில் கத்தியிருப்பான். குற்றவாளி இன்னும் பலமாகக் கத்தியிருப்பான். இவன் இரண்டும் செய்யாமல் தரையைப் பார்த்தான்.

மணி மூன்றேகால்.

யோகா பட்டறையை நடந்து பார்த்தாள். கதவோரம் மூன்று இயந்திரங்கள் வரிசையாக நின்றன. திருத்தி முடித்து, கழுவித் துடைத்து, ஆள் வந்து எடுத்துப் போகக் காத்திருப்பவை. ஏறி ஓட்டுகிற புல்வெட்டி ஒன்று. படகு எஞ்சின் ஒன்று. ஃபோர்க்லிஃப்ட் ஒன்று.

"இதுகள் எப்ப முடிஞ்சது?"

"போன கிழமை. இண்டைக்குப் பின்னேரம் குடுக்கிறது," என்றார் இரத்தினசிங்கம். "திங்கட்கிழமையிலதான் குடுப்பம்."

"இந்தப் புல்வெட்டியின்ர பெல்ற் மூடியைத் திறவுங்கோ தம்பி."

பிரதீப்குமார் அசையவில்லை. பாஸ்கரே போய்த் திறந்தான்.

உள்ளே, பெல்ட் ஓடும் சக்கரத்தின் நட்டநடுவில், பளபளவென்று ஒரு சிவப்பு வட்டம்.

படகு எஞ்சினின் தொப்பியைத் தூக்கினான். ஒரு சிவப்பு வட்டம். ஃபோர்க்லிஃப்டின் பாட்டரி மூடி. ஒரு சிவப்பு வட்டம்.

"மேடம்," என்றான் பாஸ்கர் மெல்ல. "ஆள் சீரியல் கில்லர்."

யோகா ஒரு வட்டத்தைத் தொட்டு முகர்ந்தாள். பிறகு திரும்பி, விபூதி நிறைந்த நெற்றியைப் பார்த்தாள். அதன் நடுவில், புருவங்களுக்கு இடையில், அதே அளவில் ஒரு குங்குமம்.

"அண்ணை," என்றாள். "இது உங்கட கைதானே?"

இரத்தினசிங்கத்துக்கு அதில் மறைக்க ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"ஓம், நான்தான் வைக்கிறன். ஒவ்வொரு வெள்ளியும் காலமை, முடிஞ்ச வண்டி எல்லாத்துக்கும் பொட்டு. கடை துறந்த நாள்முதல் அப்பிடித்தான்."

"மூடிக்குள்ளயோ?"

"முந்தி வெளியிலதான். ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு வெள்ளைக்காரன்ர வெள்ளைப் படகில வைச்சனான். சிவப்பு ஊறிப்போச்செண்டு ஒரே சத்தம். முழுப் படகையும் பொலிஷ் பண்ணிக் குடுத்தது. அதுக்குப் பிறகு யோசிச்சன். ஏன் வெளியில வைக்கவேணும்? உள்ளுக்க, வண்டியின்ர உயிர் எங்க இருக்குதோ அங்க வைச்சா ஆருக்கும் தெரியாது. இரும்பில வெறுங் குங்குமம் ஒட்டாது, கொட்டுண்ணும். அதுதான் கொஞ்சம் நெய்யில குழைச்சு..."

அவர் வாய் அந்த இடத்தில் நின்றது. கண்கள் மேசைமேலிருந்த கிளச்சுக்குப் போயின. திரும்பி வந்தன.

"அத்தான்!" என்றார் அருந்தவன். இடுப்பு வலியோடு சிரிப்பும் சேர்ந்து வந்ததில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள் ஆசீர்வாதம் பண்ணித்தானோ நான் தலைகீழா நிண்டனான்?"

"இரு, இரு!" இரத்தினசிங்கத்தின் குரல் உயர்ந்தது. "ரெண்டு வருசமா உள்ளுக்க வைக்கிறன். நூறு வண்டிக்கு மேல போயிருக்கும். ஒண்டாவது வெடிச்சதோ? ஒண்டாவது வழுக்கினதோ? என்ர பொட்டிலதான் பிழையெண்டா மற்றதெல்லாம் எப்பிடி ஓடுது? சொல்லுங்கோ தங்கச்சி!"

அருந்தவனின் சிரிப்பு நின்றது. பாஸ்கர்கூட யோகாவைப் பார்த்தான். நியாயமான கேள்வி.

"அதுதான் அண்ணை, என்னையும் குழப்பினது," என்றாள் யோகா. "நூறு வண்டி தப்பி, ஒண்டு மட்டும் வெடிச்சிருக்குது. அந்த ஒண்டுக்கும் மற்றதுகளுக்கும் என்ன வித்தியாசம்? மற்றதெல்லாம் திங்கட்கிழமை போனது. அருந்தவன்ர வண்டி வெள்ளிக்கிழமையே போயிட்டுது. வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில இஞ்ச என்ன நடக்குது?"

அவள் பிரதீப்குமாரிடம் திரும்பினாள்.

"தம்பி, சிவப்பைக் கண்டவுடன் உங்கட கை தானாத் துணியை எடுத்தது. பழக்கதோஷம் எண்டனீங்கள். எத்தனை நாள் பழக்கம்?"

அவன் இன்னும் தரையையே பார்த்தான்.

"ரெண்டு வருஷம்," என்றான்.

"என்ன ரெண்டு வருசம்?" என்றார் இரத்தினசிங்கம்.

"திங்கட்கிழமை காலைல, டெலிவரிக்கு முந்தி... நான் மூடியைத் திறந்து துடைச்சிருவேன் சார். பிரேக் கிளீனர் போட்டு. இந்த வெள்ளிக்கிழமை நான் இல்லை. இந்த வண்டி அன்னிக்கே போயிடும்னு எனக்குத் தெரியாது. இன்னிக்குக் காலைல இந்தப் பிரச்சினைல மத்த மூணையும் துடைக்க முடியல."

"யோவ்," என்றான் பாஸ்கர். "காலைலயே இதைச் சொல்லியிருக்கலாம்ல? மொதல் வாரமே சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிண்ணா சொல்றது? ஸ்பான்சர்கிட்ட போயி, சார், நீங்க வைக்கிற பொட்டு வண்டியைக் கெடுக்குதுன்னு சொல்லவா? அவர் கையெழுத்துலதான் நானும் என் வீட்டுக்காரியும் இந்த ஊர்ல இருக்கோம். காலைல மூடியைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. வெயிட் சரின்னு நிரூபிச்சாப் போதும், மிச்சத்தை அப்படியே விட்டுரலாம்னு நெனச்சேன்."

இரத்தினசிங்கத்தின் முகம் மாறியது. பெல்ட் வெடித்த பழியைக்கூட அவர் சிரித்து விழுங்கியிருப்பார். இது வேறு.

"என்ர பொட்டை அழிச்சனீரா?"

பிரதீப்குமார் மெல்லத் தலையாட்டினான்.

"எத்தனை?"

"நூத்திப் பத்துக்கு மேல இருக்கும் சார்."

"நூத்திப் பத்து." அவர் கண்ணாடி அறைக்குள் போய்க் கொம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். இரண்டு கடிதங்களும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கை மௌஸ்மேல் இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று நாற்பத்தெட்டு.

யோகா வாசலில் நின்றாள். "அண்ணை, யார் பிழையெண்டு கேட்டனீங்கள். சொல்லிப்போட்டன். அறிக்கை இண்டைக்கே தருவன்."

"அதில நெய் எண்டுதான் எழுதவேணுமோ?"

"ஓம்."

"வேற சொல்லு..."

"நெய்யெண்டா நெய்தான் அண்ணை."

அவர் திரையைப் பார்த்தபடியே கேட்டார். "பிரதீப். என்னத்தாலை துடைச்சனீர்? எண்ணெய்ப் பழந்துணியாலையோ?"

"இல்ல சார். புதுத் துணி. ஒவ்வொரு தரமும் புதுசு கிழிப்பேன்."

"துடைச்சுப்போட்டு? குப்பைத் தொட்டியில எறிஞ்சனீரோ?"

பிரதீப்குமார் சுவரோரம் இருந்த தன் லாக்கரைத் திறந்தான். வேலைச் சட்டைக்கும் சாப்பாட்டுப் பைக்கும் பின்னால் கையை விட்டு, நான்கு லீட்டர் ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை எடுத்து வந்து மேசையில் வைத்தான். மூடியைத் திறந்தான்.

உள்ளே வெள்ளைத் துணித் துண்டுகள். ஒவ்வொன்றும் நான்காக மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிவப்பு.

"குப்பைல போட மனசு வரல சார். எங்க போடறதுன்னும் தெரியல."

இரத்தினசிங்கம் டப்பாவைப் பார்த்தார். ஒரு துண்டை எடுத்தார். மடிப்பைப் பிரிக்கவில்லை. திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

மௌஸ் நகர்ந்தது. ஒரு கடிதம் திரையிலிருந்து போனது. மற்றதை இரத்தினசிங்கம் கீழேவரை இழுத்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார்.

"இவர் செய்யிற வேலையளை எழுதட்டாம். எஞ்சின் திருத்துறது. கிளச் செற் பண்ணுறது. வேற என்ன?"

"முதலாளி செய்யறதைத் திருத்தறது," என்றான் பாஸ்கர்.

"நீர் சும்மா இரும்." ஒரு எழுத்துத் தட்டினார். "இனிமேல் பொட்டு வைக்கிறதும் இவர்தான். எங்க வைச்சா வெடிக்காதெண்டு இவருக்குத்தானே தெரியும். அதையும் போடட்டோ?"

"அதைப் போட்டா இமிக்ரேஷன்ல கேள்வி கேப்பாங்க சார்."

"சரி, போடேல்லை. ஆனாச் செய்யவேணும்."

விரல் இறங்கியது. எட்டு மாதமாகத் திறந்து கிடந்த கடிதம் ஒரு சின்னச் சத்தத்தோடு போய்ச் சேர்ந்தது. மூன்று ஐம்பத்தேழு.

பிரதீப்குமார் பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டான். அருந்தவன் அவன் தோளில் தட்டி, "என்ர வண்டி சனிக்கிழமைக்குள்ள ஓடவேணும், கேட்டீரோ?" என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த மன்னிப்பு.

"ஓடும் சார். புது பெல்ட் மாட்டிடறேன்."

"வெள்ளிக்கிழமை பொட்டு?" என்றார் இரத்தினசிங்கம், அறைக்குள்ளிருந்து.

பிரதீப்குமார் எழுந்தான். கையைச் சட்டையில் துடைத்தான். முதலாளியை நேராகப் பார்த்தான்.

"வைக்கிறேன் சார். ஆனா நெய் வேணாம்."

மூன்று வருஷத்தில் அந்தப் பட்டறைக்குள் அவன் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.